டிஎல்பி நிறுவினால் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் நீங்குகிறது, ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி (ஏற்காடு)
வணக்கம். எங்கள் காப்பித் தோட்ட அலுவலகக் கணக்குகள் உபுண்டு 24.04 இயங்குதளம் உள்ள திங்க்பேட் மடிக்கணினியில் இருக்கின்றன. ஐப்பசி மழையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் வர நெடுநேரமாகும் என்பதால், பேட்டரி கூடுதலாகத் தாங்கட்டும் என்று டிஎல்பி என்ற மின்சிக்கன மென்பொருளை நிறுவ முற்பட்டேன். மென்பொருள்களை நிறுவித்தரும் ஏபிடியோ, 'பவர் மோட்' தெரிவைக் கவனிக்கும் பின்னணி நிரலான பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை நீக்க ஒப்புதல் கேட்கிறது. ஒப்புக்கொண்டால், திரையில் தெரியும் க்னோம் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போய்விடுமா? இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா?

மறுமொழி (அஸ்தம்பட்டி, சேலம்)
டெஸ்க்டாப் போகாது, ஐயா. உபுண்டு டெஸ்க்டாப் தொகுப்புக்கு அந்த டீமன் பரிந்துரை மட்டுமே, கட்டாயச் சார்பு அன்று. ஆகவே மேல்மூலைப் பட்டியலில் உள்ள 'பவர் மோட்' பொத்தான் மறைவதோடு சரி. இரண்டையும் வலிந்து சேர்த்து வைக்க வேண்டாம். சிபியுவின் வேகத்தையும் மின்சிக்கனத்தையும் தீர்மானிக்கும் அதே கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அமைப்புகளில் இரண்டுமே எழுதுவதால், ஒன்று வைத்ததை மற்றொன்று மாற்றிவிடும். எது நடப்பில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உங்களுக்குச் சிரமமாகிவிடும். அதைத் தடுக்கத்தான் இரண்டும் சேர்ந்திருக்க முடியாத முரண் என்று தொகுப்பிலேயே அறிவித்திருக்கிறார்கள். முதலில் ஏபிடியை, எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் 'சிமுலேட்' தெரிவுடன் ஓட்டி, நீக்கப்படும் பட்டியலில் அந்த ஒரு பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் டீமனையே திரும்ப நிறுவினால், டிஎல்பி தானாக விலகிக்கொள்ளும்.

மறுமொழி (ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)
ஒன்று சேர்க்கிறேன். யுபவர் என்ற பெயரைப் பார்த்து அதையும் போட்டியாளர் என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள். பேட்டரி அளவை க்னோமுக்குச் சொல்வதும், சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கும்போது கணினியைப் பத்திரமாக நிறுத்துவதும் அதுதான்; டிஎல்பியுடன் அதற்கு மோதலே இல்லை.

கேட்டவர்
நன்றி. சிமுலேட் செய்ததில் அந்த ஒரு பெயர்தான் வந்தது, நிறுவிவிட்டேன். பேட்டரி ஆயுளுக்காக 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தச் சொல்கிறார்களே, மழைக்காலத்தில் அது சரிப்படுமா?

மறுமொழி (அஸ்தம்பட்டி, சேலம்)
எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் கணினிக்கு அந்த வரம்பு நல்லது, டிஎல்பி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் சார்ஜ் தொடக்கம் 75, நிறுத்தம் 80 சதவீதம் என்று வைக்கலாம். வானம் இருட்டிக்கொண்டு வரும் நாளில், கரண்ட் இருக்கும்போதே 'டிஎல்பி ஃபுல்சார்ஜ்' கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் கொடுங்கள். அந்த முறை மட்டும் முழுதாக ஏறும், அடுத்த ரீபூட்டில் பழைய வரம்பு திரும்பிவிடும்.