பழைய அனலாக் மிக்சரில் மாலையில் மட்டும் எழும் ரீங்காரம்

வினா

என் வீட்டு மாடியிலுள்ள சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், 16 சேனல் கொண்ட அனலாக் மிக்சர் (பல ஒலிகளைக் கலக்கும் கருவி) ஒன்றை ஏறத்தாழ 20 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டு மாதங்களாக, விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் அதில் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று எழுகிறது. காலையில் அதன் சுவடே தெரிவதில்லை. எல்லாச் சேனல் ஃபேடர்களையும் (ஒலியளவுச் சறுக்கிகள்) இறக்கிவிட்டாலும் அது குறையாமல், ஐந்து கட்டை சுருதியில் யாரோ தம்புரா மீட்டுவது போல அடியில் நின்றுகொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன், பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? ரீங்காரம் இல்லாத வேளையிலும் மெல்லிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1

தயவுசெய்து எர்த் கம்பியைத் தொடாதீர்கள். உள்ளே 230 வோல்ட் உலோகப் பெட்டியில் கசிந்தால், மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உடல்தான் எர்த்தாக மாறும். கணினியும் மிக்சரும் வெவ்வேறு பிளக்குகளில் எர்த் பெற்று, ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாகவும் இணைந்திருந்தால் அங்கே எர்த் லூப், அதாவது ரீங்காரத்தைக் கொண்டுவரும் எர்த் வளையம், உருவாகும். அப்படியானால் ஆடியோ கேபிளின் இடையில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கம்பித் தொடர்பின்றி ஒலிச் சிக்னலை மட்டும் கடத்துவது) வைப்பதே முறை. முதலில் எல்லாக் கேபிள்களையும் பிடுங்கிவிட்டு, ஹெட்போனை மட்டும் செருகிக் கேளுங்கள். மாலையில் மட்டும் வருவதால், பக்கத்து அறையில் விளக்கு டிம்மர் உண்டா என்றும் பாருங்கள்.

மறுமொழி 2

ஐந்து கட்டை என்று நீங்கள் எழுதியது பெரிய துப்பு, ஆனால் பாதித் துப்பு. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், பவர் சப்ளையில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தரும் 100 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஐந்து கட்டையில்தான் விழும். ஸ்தாயி மட்டுமே வேறு என்பதால் காது எளிதில் ஏமாந்துவிடும். கணினியில் பதிந்து ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படம்) பாருங்கள். 100 ஓங்கி நின்றால், பவர் சப்ளையில் முதுமையடைந்த, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெபாசிட்டரைத்தான் நான் சந்தேகிப்பேன்.

மாலையில் மட்டும் ஏன் என்பதற்கும் இதில் விடை உண்டு. கெபாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது. நிரம்பல்களுக்கு இடையே அதன் வோல்டேஜ் சரிகிறது. வறண்ட கெபாசிட்டரில் அந்தச் சரிவு ஆழமாக இருக்கும். வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்டேஜ் எந்தக் கணத்திலும் ஏறத்தாழ 17-க்குக் கீழே போகக்கூடாது. தெருவெல்லாம் ஏசி ஓடி, வீட்டு மின்னழுத்தம் இறங்கும் வேளையில், பகலில் எப்படியோ தப்பித்த அந்தப் பள்ளம் எல்லையைத் தாண்டி, ரீங்காரமாக வெளியே வந்துவிடுகிறது. இது பவர் வழியாக மாஸ்டர் பகுதிக்குள் நேரே நுழைவதால், சேனல் ஃபேடரை இறக்கிப் பயனில்லை. மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்து, ரெகுலேட்டர்களின் வெளிவாயிலை மாலையில் அளந்து பாருங்கள். பழக்கமில்லையென்றால் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

வினவியவர்

கேபிள்களை எடுத்த பிறகும் ரீங்காரம் நின்றபாடில்லை. ஸ்பெக்ட்ரத்தில் 100, 200, 300 என்று வரிசையாக முளைகள் தெரிந்தன. மாலையில் வீட்டு மின்னழுத்தம் 195 வோல்ட் காட்டியது. தெரிந்த டெக்னீஷியன் அளந்தபோது பவர் சப்ளையின் பிளஸ் 15 வோல்ட் பக்கம் சுத்தமாகவும், மைனஸ் 15 வோல்ட் பக்கம் 40 மில்லிவோல்ட் ஏசியோடும் இருந்தன. அந்தப் பக்கத்து 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. இரு பக்கமும் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையில் மாற்றினோம். நேற்று மாலை அதே 195 வோல்ட்டிலும் மிக்சர் அமைதியாக இருந்தது. ‘ஸ்ஸ்’ மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 3

அது பழுதன்று, கூட்டலின் விலை. 16 சேனல்களும் ஒரே பஸ்ஸில் (எல்லாம் கலக்கும் பொதுப் பாதை) சேரும்போது, அங்குள்ள கூட்டும் ஆம்ப் தன் சொந்த இரைச்சலை 17 மடங்கு, அதாவது சுமார் 25 டெசிபல், பெருக்குகிறது. ஃபேடரை இறக்கினாலும் சேனல் பஸ்ஸோடு இணைந்தே இருப்பதால் இது குறையாது. ஒரு பதிவுக்கு இரண்டு சேனல் போதுமென்றால், மற்றவற்றைப் பஸ்ஸோடு இணைக்கும் அசைன் பட்டனை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பல மிக்சர்களில் உடனே வித்தியாசம் தெரியும். மைக் கெயினைத் தொடக்கத்திலேயே போதிய அளவு ஏற்றி, மாஸ்டரைச் சற்று இறக்கி வைப்பதும் உதவும்.