பாக்காத்: ‘தண்டி’ வேண்டாம், ‘விசாரி’ என்று வைப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் எபிரேய-தமிழ்ச் சொற்பட்டியலில் ‘பாக்காத்’ என்ற வினைக்குத் ‘தண்டி’ என்றும், அதிலிருந்து வரும் ‘பெக்குத்தா’ என்ற பெயர்ச்சொல்லுக்குத் ‘தண்டனை’ என்றும் போடலாம் என்று ஐயா எழுதியிருந்தார், அக்கா ‘சந்திப்பு’ என்றார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 300 இடங்களில் வரும் வினை இது. ‘தண்டி’ என்று போட்டால் ரூத் 1:6-இலேயே மாட்டிக்கொள்வோம். பஞ்சத்துக்குப் பயந்து மோவாபுக்குப் போன நகோமி, ஊரில் மறுபடி சாப்பாடு கிடைக்கிறது என்று கேள்விப்படுகிற இடம்: “கர்த்தர் தம்முடைய ஜனங்களைச் சந்தித்து அவர்களுக்கு ஆகாரம் அருளினார்”. அங்கே இருப்பது பாக்காத்தான். சரி, ‘சந்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமா என்றால், எண்ணாகமம் முதல் அதிகாரத்தில் மோசே போருக்குத் தகுந்த ஆண்களை எண்ணுகிறாரே, மொத்தம் 6,03,550 பேர், அதுவும் இதே வினைதான். அத்தனை பேரையும் மோசே சந்தித்தார் என்று எழுத முடியாது.

இந்த வினையின் அடி எங்கே இருக்கிறது என்பதை 1 சாமுவேல் 20 நன்றாகக் காட்டுகிறது. அமாவாசை விருந்து. சவுல் சுவரோரமாகத் தன் இடத்தில் இருக்கிறார், பக்கத்தில் அப்னேர், தாவீதின் இடம் மட்டும் காலி. அந்தக் ‘காலியாயிருந்தது’ என்பதற்கு எபிரேயத்தில் வருவது பாக்காத்தின் நிஃபால், அதாவது செயப்பாட்டு வடிவம். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் ஒருமுறை கண்ணை ஓட்டினால் யாரைக் காணோம் என்று வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்துவிடும் அல்லவா, அந்தப் பார்வைதான் பாக்காத். தன் பொறுப்பில் உள்ளவர்களை ஒருவர் விடாமல் பார்ப்பது. அப்படிப் பார்க்கிறவருக்கு எத்தனை பேர் என்பதும் தெரியும், யாருக்கு என்ன குறை என்பதும் தெரியும், யார் தப்பு செய்தார் என்பதும் தெரியும், அப்புறம் சும்மா இருக்கவும் முடியாது. எண்ணுவது, ஆதரிப்பது, தண்டிப்பது எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

இதற்குத் தமிழில் புதிதாகச் சொல் கட்ட வேண்டியதே இல்லை, ‘விசாரி’ இருக்கிறது. ஊருக்குப் போனால் பெரியம்மா வாசலிலேயே நிறுத்தி வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். காவல் நிலையத்திலும் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். அன்பும் அச்சமும் ஒரே வினையில் இப்படி இருப்பது அபூர்வம், அதை நாம் விட்டுவிடக் கூடாது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஓசியா 9:7-இல் “விசாரிப்பின் நாட்கள்” என்கிறார்கள், அது தண்டனை. ஆதியாகமம் 39:4-இல் போத்திபார் யோசேப்பைத் தன் வீட்டுக்கு “விசாரணைக்காரன்” ஆக்குகிறான், அது முழுக்க நம்பிக்கை. அங்கே மூலத்தில் இருப்பது இதே வினையின் ஹிஃபில், அதாவது பிறவினை வடிவம், ஒருவரைப் பொறுப்பில் வைப்பது.

‘விசாரி’ வடசொல், ‘கண்காணி’ இருக்கிறதே என்று சிலர் சொல்வீர்கள். அந்தச் சொல்லுக்கும் வலு உண்டு. சங்கீதம் 109:8-இல் பெக்குத்தா தமிழில் ‘உத்தியோகம்’ ஆகியிருக்கிறது. அதே வசனம் கிரேக்கம் வழியாக அப்போஸ்தலர் 1:20-க்கு வந்தபோது ‘கண்காணிப்பு’ ஆகிவிட்டது. பதவி என்ற பொருளுக்கு அது நன்றாகப் பொருந்தும், துணைச்சொல்லாகக் கொடுக்கலாம். ஆனால் இன்று கண்காணிப்பு என்றால் கடைவாசல் கேமராதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளையில்லாத சாராளிடம் கர்த்தர் செய்ததாக ஆதியாகமம் 21:1 சொல்வதும் பாக்காத்தான், “கடாட்சமானார்” என்று எவ்வளவு இதமாகப் பெயர்த்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்க் ‘கண்காணித்தார்’ என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வினைக்கு ‘விசாரி’, பெக்குத்தாவுக்கு ‘விசாரிப்பு’. ‘விசாரணை’ வேண்டாம், அதை நீதிமன்றம் எடுத்துக்கொண்டுவிட்டது. எண்ணாகமத்துக்கு மட்டும் ‘தொகை எடு’ என்று கிளைப்பொருளாகக் காட்டலாம். நிஃபாலுக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. ‘குறைபடு’ என்று எழுதிப் பார்த்தேன், தாவீதின் காலி இடத்துக்கு அது போதவில்லை. இருக்க வேண்டியவர் இல்லை என்பது பார்வையில் படுவதற்கு உங்கள் ஊரில் ஏதாவது வினை புழங்கினால் எழுதுங்கள்.