புதுப்பிப்பு: அம்பாசிடரின் முன் இருக்கை சரியாகிவிட்டது

அப்பாவின் 1984 அம்பாசிடரில் ஓட்டுநர் பக்கம் குழிந்து ஸ்பிரிங் தொடையில் குத்துகிறது, ஸ்பஞ்சு மட்டும் மாற்றினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது. உறையைக் கழற்றியதுமே பழைய தேங்காய் நார் மெத்தை தவிடாக உதிர்ந்தது. அடியில் இரண்டு ஸ்பிரிங் ஒடிந்திருந்தன. குஷன் வேலை செய்யும் அண்ணன் அவற்றை மாற்றித் தந்தார்.

ஸ்பிரிங்கின் மேல் தடித்த சணல் சாக்கைக் கட்டாயம் விரியுங்கள். இல்லையென்றால் கம்பி ஸ்பஞ்சை மெல்ல மெல்ல அறுத்துவிடும். முதலில் மூன்று அங்குலக் கெட்டி ஸ்பஞ்சு வைத்தோம். கிளட்சை மிதிக்கும்போது தொடை ஸ்டியரிங்கில் இடித்தது. இரண்டு அங்குலமாகக் குறைத்து, மேலே அரை அங்குலம் மிருதுவானதை ஒட்டினோம். பழைய உறையே, வெயிலில் காட்டி இளக்கியதும், சுருக்கமின்றிப் பொருந்தியது.

நேற்று அப்பாவே பொள்ளாச்சி வரை ஓட்டினார். இடுப்பு வலிக்கவில்லையாம். பின் இருக்கையை இன்னும் பிரிக்கவில்லை.