வெள்ளவத்தை மாடி வீட்டில் தேரை: தொட்டிக்குள் என்ன, எவ்வளவு?

கடலோரம்:
வணக்கம். வீடு மூன்றாம் மாடி, ஜன்னல் கடல் பக்கம். வளர்ந்த தேரை ஒன்று, உடல் நீளம் ஏறத்தாழ 8 செ.மீ., தலையில் கறுப்பு வரம்புகள். 60 × 30 × 30 செ.மீ. மீன் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா? அடியில் எதை, எவ்வளவு ஆழத்துக்குப் போடுவது? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் சூடேற்றும் பாய் வைக்கிறார்கள். இங்கே அது வேண்டுமா?

தும்புமண்:
ஒரு தேரைக்கு அந்தத் தொட்டி போதும். இரண்டாவது சேர்ப்பதென்றால் 90 செ.மீ. நீளம் பாருங்கோ. தேரைக்கு உயரம் முக்கியமில்லை, தரைப்பரப்புத்தான் முக்கியம்.

அடியில் தும்புத்தூள் போடுங்கோ. 650 கிராம் கட்டி ஊறினால் 8, 9 லீற்றர் வரும். உங்கள் தொட்டிக்கு 8 செ.மீ. ஆழம் போட 14 லீற்றருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும், ஆகவே இரண்டு கட்டி. ஊறவைத்து அப்படியே கொட்டிவிட வேண்டாம். உவர் நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். துணியில் கட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நான்கு தரம் அலசிப் பிழியுங்கோ. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும். தாரையாக ஓடினால் ஈரம் கூட, உதிர்ந்தால் குறைவு. தேரை பின்காலால் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கும், அதனால் 8 செ.மீ.க்குக் குறைக்க வேண்டாம்.

நாற்றுமேடைக்கு விற்கும் உரம் கலந்த மண், வெள்ளைப் பேர்லைட் மணிகள், சிறு சரளை ஒன்றும் வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கிய கல் குடலை அடைத்துவிடும்.

ஒளிய உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கோ, அல்லது பெரிய சிரட்டையின் விளிம்பை உரசி மழுக்கி வையுங்கோ. இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. ஒன்றின் அடி ஈரமாகவும் மற்றதன் அடி சற்றுக் காய்ந்தும் இருக்கட்டும், எது வேண்டுமென்று அது தெரிவு செய்யும்.

கிணற்றடி:
தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன், கூடுதலான தேரைகள் கெடுவது இதிலேதான். தேரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் சேர்ந்து உள்ளே போகும். பைப் தண்ணீரை அகன்ற வாளியில் 24 மணித்தியாலம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) அப்படிப் போகாது. சந்தேகமென்றால் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் போத்தலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். தூயது என்று நினைத்து காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே தொடர்ந்து வைப்பதும் சரியில்லை, அதில் உப்புக்கள் கிடையாது.

தட்டு அகலமாக, 2 முதல் 3 செ.மீ. ஆழமாக இருக்கட்டும். தேரை உள்ளே உட்கார்ந்தால் தலை நீருக்கு மேலே நிற்க வேண்டும். அது அந்தத் தண்ணீரிலேயே கழிக்கும், ஆகவே தினமும் மாற்றுங்கள். கொழும்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: நாட்கணக்கில் தேங்கினால் நுளம்புக் குடம்பி வரும், சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது தேரைத் தட்டும் பூச்சாடித் தட்டும் ஒன்றுதான்.

சூடேற்றும் பாய் வேண்டவே வேண்டாம். 24 முதல் 30 பாகை செல்சியஸ் அதற்குப் போதும், அது நம் அறையிலேயே இருக்கிறது. இங்கே ஆபத்து மறுபக்கம். கடலைப் பார்த்த ஜன்னலென்றால் மேற்கு வெயில். மாலை மூன்று மணி வெயில் நேரே பட்டால் கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும். எதிர்ச்சுவரில், நிழலில் வையுங்கள். ஏசி ஓடும் அறையானால் தும்புத்தூள் சீக்கிரம் காயும், காலையும் மாலையும் தெளிக்க வேண்டும்.

தும்புமண்:
மூடியைச் சொல்ல மறந்துவிட்டேன். மூலையில் உள்ள சிலிக்கன் பசையைப் பிடித்து ஏறிவிடும், மூடி இல்லாமல் விடாதீர்கள். வெறும் கம்பி வலையில் முட்டி முட்டி மூக்குத் தோல் உரியும். சட்டத்தில் நுளம்பு வலையை இறுக்கி அடித்தால் உரசாது, காற்றும் போகும். தொட்டியை வைக்கும் மேசையின் நாலு காலையும் சவர்க்காரத் தண்ணீர் விட்ட கிண்ணத்தில் நிறுத்துங்கோ. மிஞ்சிய இரைக்கு எறும்பு வந்தால் தேரையையும் கடிக்கும்.

கடலோரம்:
நன்றி இருவருக்கும். நுளம்புச் சுருள் அதே அறையில் கொளுத்தலாமா? இரை என்ன கொடுப்பது?

கிணற்றடி:
சுருள், திரவ இயந்திரம், ஸ்பிரே மூன்றும் அந்த அறையில் கூடாது. அவற்றிலுள்ள பைரெத்திராய்ட் என்ற பூச்சிக்கொல்லி மருந்து ஈரத் தோலில் படிந்து உள்ளே போகும். டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தொட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவை அடைத்து, மேலே துணி போட்டு, புகை முற்றாகக் கலைந்த பிறகு திறவுங்கள். தொட்டியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுவதும் வேண்டாம், சுடுதண்ணீரும் தேய்ப்பானும் போதும். கையில் சவர்க்காரம், சனிடைசர் மிச்சமிருக்கத் தூக்காதீர்கள். கையை வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரத்தோடு தூக்குங்கள். தூக்கிய பின் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்: கண்ணுக்குப் பின்னால் உள்ள தடித்த சுரப்பிகளில் நஞ்சுப் பால் இருக்கிறது, கண்ணில் பட்டால் எரியும். வீட்டில் நாயிருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தும்புமண்:
இரைக்கு மண்புழுவும் கிரிக்கெட் பூச்சியும் நல்லது. பூச்சியின் நீளம் தேரையின் இரண்டு கண்ணுக்கிடையே உள்ள அகலத்துக்கு மேல் போகக் கூடாது. வளர்ந்ததற்கு வாரம் மூன்று நாள், 15 நிமிடத்தில் தின்னக்கூடிய அளவு. பூச்சிகளுக்கு முதல் நாளே கரட், கீரை கொடுத்து வயிறு நிரப்புங்கோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விற்றமின் டி3 சேர்ந்த கல்சியம் தூளில் புரட்டி வையுங்கோ. கல்சியம் இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து தாடை வளையும், வளைந்தது நிமிராது. சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போட வேண்டாம், பக்கத்து வீட்டில் அடித்த மருந்து அதன் உடம்பில் இருக்கலாம்.

கடலோரம்:
அமைத்து ஐந்து நாள். பகல் முழுக்கத் தண்ணீர்த் தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. மண்ணும் இலேசாக மூக்கைத் துளைக்கிறது.

கிணற்றடி:
மூக்கைத் துளைப்பது அமோனியா. அந்த மண்ணுக்குள் தோலை வைத்திருக்க முடியாமல்தான் அது தண்ணீரில் இருக்கிறது. இன்றே இரண்டு கட்டியையும் மாற்றுங்கள். இனி எச்சத்தைத் தினமும் கரண்டியால் எடுங்கள், முழுவதையும் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் தட்டை விட்டு வராமல், தொடையின் அடிப்பக்கம் சிவந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

வளவில் பிடித்ததென்றால் வேறொன்றும் சொல்ல வேண்டும். காட்டுயிர்களுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வைத்திருக்கலாமா என்று பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். வேறு கடைப் பிராணிகளோடு சேர்த்து வைத்த பிறகு மட்டும் மழை நாளில் வெளியே விட்டுவிட வேண்டாம், நோய்க் கிருமி அதோடு சேர்ந்து வடிகாலில் இறங்கும்.