ஒரே ஆளை நம்பி ஓடும் மென்பொருள் குழு: எங்கிருந்து சரிசெய்வது?

மண்டபம்_கரை:
ராமநாதபுரத்தில் எட்டுப் பேர் கொண்ட குழு. மீன் ஏலக் கணக்கு, ஐஸ், டீசல் பற்று எழுதும் செயலியைப் பராமரிக்கிறோம். டெப்லாய் செய்ய, அதாவது புதுப் பதிப்பைச் சர்வரில் ஏற்ற, தெரிந்தவர் ஒருவர்தான். மூன்று வார வேலையைச் சேர்த்து வெள்ளிக்கிழமை இரவு ஏற்றுகிறோம். விடியற்காலை ஏலத்தில் ஏதாவது உடைகிறது, உடனே வாட்ஸ்அப்பில் “யார் கை வச்சது?” பழைய கோடை (நிரல் வரிகளை) தொடவே ஆட்கள் பயப்படுகிறார்கள். ‘கல்ச்சர்’ பயிற்சி வைக்கலாம் என்கிறார் மேலாளர். மீன்பிடித் தடைக்காலத்தில் முழுசாகத் திருப்பி எழுதலாம் என்கிறார்கள் பையன்கள். எது சரி?

கீழக்கரை_கோடு:
பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டாம் தம்பி. மூன்று வார மாற்றத்தை ஒரே மூட்டையாக ஏற்றினால் எது உடைத்தது என்று பிடிபடாது. எது என்று தெரியாதபோதுதான் யார் என்று தேடுவார்கள்.

செவ்வாய், வியாழன் பகல் 11 மணிக்கு ஏற்றுங்கள். ஏலம் முடிந்திருக்கும், எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள். முடியாத வேலை ஃபீச்சர் ஃப்ளாக் (ஒரு வசதியைத் திறக்கவும் மூடவும் கோடில் வைக்கும் சுவிட்ச்) அணைந்த நிலையில் போகட்டும். முதலில் ஒரே ஒரு இறங்குதளத்துக்குத் திறந்து, இரண்டு ஏலம் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு. ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் நீக்கும் தேதி எழுதுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கோடு ஓடுகிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். ரிவ்யூவுக்கு (ஒருவர் கோடை இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு) வருவது 400 வரியைத் தாண்டினால் பிரித்துக் கேளுங்கள். 1,500 வரிக்குக் கிடைக்கும் ஒரே பதில் “நல்லா இருக்கு”.

டெப்லாய் படிகளை எழுதிவைத்து, வாரம் ஒருவர் அதைப் படித்தே செய்யட்டும். தெரிந்தவர் பக்கத்தில் உட்காரலாம், கீபோர்டைத் தொடக்கூடாது. அவர் வாயால் சொல்ல வேண்டிவந்த ஒவ்வொன்றும் குறிப்பில் விட்டுப்போன வரி. பழைய பதிப்புக்குத் திரும்பும் கட்டளையையும் மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தொண்டி_பாய்மரம்:
திருப்பி எழுதுவது விஷப்பரீட்சை. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு கடலுக்குப் போகும், ஏலமும் நடக்கும். தடை நீங்கியதும் சுமை ஒரேயடியாக ஏறும்போது, புதுக் கோடு அதை முதல் தடவையாகச் சந்திக்கும்.

அந்த மாதங்களைத் தரவுத்தள டேபிள் (அட்டவணை) மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முக்கியம்: முதலில் புது நெடுவரிசை (column) சேர்க்க வேண்டும், காலியாக இருக்க அனுமதித்து. பிறகு பழையது, புதியது இரண்டிலும் எழுத வேண்டும். பழைய தரவை ஆயிரம் ஆயிரம் வரியாக நிரப்பி, ஒப்பிட்டுச் சரிபார்த்து, அப்புறம்தான் புதியதிலிருந்து படிக்க வேண்டும். பழையதைக் கடைசியில்தான் நீக்கலாம், அதுவும் பழைய செயலிப் பதிப்பு ஒரு போனிலும் இல்லை என்று சர்வர் லாகில் (பதிவேட்டில்) பார்த்த பிறகு. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் இன்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்றது) ‘கன்கரன்ட்லி’ (CONCURRENTLY) என்ற சொல்லைப் போட்டு உருவாக்குங்கள். இல்லாவிட்டால் அது முடியும்வரை அந்த டேபிளில் எழுத முடியாது.

இன்னொன்று. கடலில் சிக்னல் இருக்காது, கரைக்கு வந்ததும் போன் அதே பதிவை இரண்டு முறை அனுப்பும். பதிவின் ஐடியைப் போனிலேயே உருவாக்கி, ஒரே ஐடி இரண்டு முறை ஏறாதபடி சர்வரில் யுனிக் கட்டுப்பாடு போட்டால் இரட்டைப் பற்று வராது. இப்படியான பிழைக்குத்தான் பாவம் யாரோ ஒரு பையன் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான்.

மண்டபம்_கரை:
நன்றி கீழக்கரை காக்கா, நன்றி தொண்டி அண்ணே. மேலாளர் எண் கேட்கிறார். எதைக் காட்டுவது?

உப்பளம்:
நான்கு போதும்: எத்தனை முறை ஏற்றினோம், கோடு எழுதி அது ஓடுவதற்கு எத்தனை நாள், ஏற்றியதில் எத்தனை சதவீதம் உடைந்தது, மீட்க எவ்வளவு நேரம். குழுவுக்கு மட்டும் கணக்கிடுங்கள். ஆள்வாரியாகப் போட்டால் ஒரு மாற்றத்தைப் பத்தாக உடைத்துக் கணக்குக் காட்டுவார்கள்.

‘99.9 சதவீதம் ஓடியது’ என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் நிற்கலாம். அந்த 43 நிமிடமும் ஏலத்தில் விழுந்தால்? ஏலம் காலை 4 முதல் 8 என்றால் அந்த 120 மணி நேரத்துக்குத் தனியாகக் கணக்கிடுங்கள்: மாதம் 7 நிமிடம்தான். அதைத் தாண்டினால் புது வசதியை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பது என்று மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். உடைந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

உடைந்தால் மூன்று நாளுக்குள் நிமிட வாரியாக எழுதுங்கள். “ஏன் செய்தாய்” என்று கேட்காமல், “அப்போது திரையில் என்ன தெரிந்தது” என்று கேளுங்கள். தீர்வு மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி. “இனி கவனமாக இருப்போம்” என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஓர் உத்தி ஆவணமாக எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். எதைச் செய்ய மாட்டோம் என்பது அதில் இல்லையென்றால் அது வெறும் ஆசைப்பட்டியல். உங்களுக்கு முதல் வரி: இந்த ஆண்டு திருப்பி எழுத மாட்டோம்.