12 செஷனுக்கு 84,960 ரூபாய்: லைஃப் கோச் வைப்பது காசுக்குத் தகுமா?

நொய்யல்வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். லைஃப் கோச் (கேள்வி கேட்டுப் பேசி, வேலை, வாழ்க்கை பற்றிய முடிவுகளுக்குத் துணை நிற்பவர்) ஒருவரிடம் கட்டணம் கேட்டதற்கு வந்த கணக்கு இது. 12 செஷன், ஒவ்வொன்றும் 50 நிமிடம், வாரம் ஒன்று, எல்லாம் ஜூமில். கட்டணம் 72,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 12,960, ஆக மொத்தம் 84,960. முழுப் பணமும் முன்பே கட்ட வேண்டும். முடியாவிட்டால் 'நோ காஸ்ட் இஎம்ஐ', மாதம் 7,080 வீதம் 12 மாதம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்ந்தால் 10,000 தள்ளுபடியாம்.

எனக்கு ஆக வேண்டியவை: இப்போதுள்ள கம்பெனியிலேயே மேனேஜர் பதவிக்கு முயல்வதா, வெளியே வேலை தேடுவதா என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் தடுமாறாமல் பேச வேண்டும். சம்பளம் 20ஆம் தேதியே தீர்ந்துபோவது நிற்க வேண்டும். காலையில் எழுந்து நடக்க வேண்டும். கைக்கு வரும் சம்பளம் 68,000.

கோச்சின் ப்ரொஃபைலில் 'ஐசிஎஃப் மெம்பர்' என்று போட்டிருக்கிறது. இவ்வளவு பணம் போடலாமா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பேரேடு

84,960 என்பது உங்களுக்கு ஒன்றேகால் மாதச் சம்பளம். அதனால் முதலில் அந்த நான்கு தேவைகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காட்டினால்தான் 12 செஷன் நியாயமாகத் தெரியும்.

ஆங்கிலப் பேச்சுக்கு வேண்டியது பயிற்சி. அடுத்த மீட்டிங்கில் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை 90 விநாடியில் பேசி போனில் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பார்த்து, தடுமாறிய வாக்கியத்தை மட்டும் சுருக்கி மறுபடி பேசுங்கள். ஒரு மீட்டிங்குக்கு நான்கு தடவை. ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஸ்போக்கன் டிரெய்னரை வையுங்கள். "உங்களைத் தடுப்பது எது?" என்று கோச் கேட்பதற்கு செஷனுக்கு 7,000 ரூபாய் தர வேண்டாம். தடுப்பது பழக்கமின்மை, அவ்வளவுதான்.

சம்பளம் கரைவதற்கு மருந்து வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. யுபிஐயிலிருந்து சம்பளக் கணக்கை எடுத்துவிட்டு, செலவுக்கென்று இன்னொரு கணக்கை மட்டும் இணையுங்கள். வாடகை, கடன் தவணை, சேமிப்பு மூன்றும் சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். மிச்சத்தை ஐந்தாகப் பிரித்து, திங்கள்தோறும் ஒரு பங்கைச் செலவுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து திங்கள் வருகிற மாதமும் உண்டு என்பதால்தான் நான்கு இல்லாமல் ஐந்து. நடைப்பயிற்சிக்கு 5.45க்கு வாசலில் வந்து நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் போதும்.

மிஞ்சுவது வேலை பற்றிய முடிவு. கோச்சிங் பொருந்தும் இடம் அதுதான். ஆனால் ஒரு முடிவுக்கு 12 செஷன் எதற்கு? நான்கு, மிஞ்சினால் ஆறு.

இஎம்ஐ பற்றித் தனியாக. 12 செஷனும் 12 வாரத்தில் முடிந்துவிடும், தவணை அதற்கப்புறமும் ஒன்பது மாதம் ஓடும். இது கோச்சிடம் வைக்கிற பாக்கி அல்ல, நிதி நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் தருகிற கடன். கோச் நான்காவது வாரம் காணாமல் போனாலும் தவணை நிற்காது, கட்டத் தவறினால் சிபில் ஸ்கோர் குறையும். கையெழுத்துப் போடுமுன் கடன் கொடுப்பவரின் பெயரையும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்டையும் (கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள்) கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கடன் என்றால் அபராதம் இல்லாமல் வெளியேறுவதற்கு எத்தனை நாள் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிறு தள்ளுபடியை மறந்துவிடுங்கள். திங்கட்கிழமையும் அது அங்கேயே இருக்கும்.

மலைப்பாதை

பேரேடு சொன்ன கணக்குக்கு மேல், ஆளை எப்படி எடைபோடுவது என்று பார்ப்போம்.

இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் வேண்டியதில்லை. ஐசிஎஃப் (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்பது 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய, கோச்களுக்கான தனியார் தொழில் அமைப்பு. அதில் மெம்பர் என்பது வேறு, கிரெடென்ஷியல் (தகுதிச் சான்று) வாங்கியவர் என்பது வேறு. பயிற்சி வகுப்பு முடித்துச் சந்தா கட்டினால் மெம்பர் ஆகிவிடலாம். கிரெடென்ஷியலுக்குத் தேர்வு உண்டு, இத்தனை மணி நேரம் கோச்சிங் செய்திருக்கிறார் என்ற கணக்கும் உண்டு. அதில் மூன்று படி: தொடக்கப் படியான ஏசிசிக்கு 100 மணி நேரம், அடுத்த பிசிசிக்கு 500, உச்சியில் உள்ள எம்சிசிக்கு 2,500. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'ஐசிஎஃப் அங்கீகரித்த பயிற்சி முடித்தவர்' என்று எழுதியிருந்தால் அங்கீகாரம் அந்த வகுப்புக்குத்தான், அவருக்கு அல்ல. பெயரைப் போட்டுத் தேடினால் கிரெடென்ஷியல் இருக்கிறதா என்று ஐசிஎஃப் தளத்திலேயே தெரிந்துவிடும், இரண்டு நிமிட வேலை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று. ஏசிசிக்குப் படிப்பவர்கள் அந்த 100 மணி நேரத்தைக் குறைந்தது எட்டுப் பேரிடம் செய்தாக வேண்டும், அதில் 75 மணி நேரம் கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று விதி இல்லை. அதனால் பயிற்சியில் இருப்பவர்கள் மிகக் குறைந்த கட்டணத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய செஷன்களை மூத்த கோச் ஒருவர் பார்த்துத் திருத்துவதும் நடக்கும். உங்கள் கேள்வி அளவுக்கு இது தாராளமாகப் போதும்.

கட்டணம் பேசுமுன் 20, 30 நிமிட இலவச அழைப்பு ஒன்று கேளுங்கள், தராதவர் அநேகமாக இல்லை. அந்த அழைப்பில் கடிகாரத்தைப் பாருங்கள். 30 நிமிடத்தில் கோச் 10 நிமிடத்துக்கு மேல் பேசினால் அது விற்பனை அழைப்பு. நல்ல கோச் நீங்கள் சொன்ன சொல்லையே பிடித்துத் திருப்பிக் கேட்பார். "மேனேஜர் ஆகணும்னு சொன்னீங்க, யாருக்காக ஆகணும்?" என்பது போல. நீங்கள் கேட்க வேண்டியது: "எந்த மாதிரி ஆளை நீங்கள் ஏற்க மாட்டீர்கள்? நான்காவது செஷனிலும் ஒன்றும் நகரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" முதல் கேள்விக்கு "நான் எல்லாரையும் எடுப்பேன்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

இன்னொரு ரகம் உண்டு. 99 ரூபாய் வெபினார், அங்கிருந்து 4,999க்கு இரண்டு நாள் வொர்க்‌ஷாப், அங்கிருந்து 75,000க்கு 'இன்னர் சர்க்கிள்'. இரண்டு மணி நேர வெபினாரில் முதல் ஒன்றரை மணி நேரம் கண்ணீரும் கைதட்டலும். கடைசி அரை மணி நேரம் 2,35,000 என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன விலை. சாட்டில் "சேர்ந்துட்டேன், சேர்ந்துட்டேன்" என்று ஓடும். அது கூட்டத்துக்கு வகுப்பு எடுக்கிற வியாபாரம், உங்களோடு உட்கார்ந்து யாரும் பேசப்போவதில்லை.

வேப்பமரம்

சுருக்கமாக ஒன்று. "முடிவெடுக்க முடியவில்லை, காலையில் எழ முடியவில்லை" என்பதோடு தூக்கம் கெடுவது, பசியின்மை, பிடித்த விஷயத்திலும் ஆர்வம் இல்லாமை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கோச்சிடம் போகாதீர்கள். மனநல மருத்துவரையோ, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த நிலையில் இருப்பவரிடம் இலக்கு, டார்கெட், ஹோம்வொர்க் என்று கொடுத்தால் செய்ய முடியாமல் போன குற்ற உணர்ச்சிதான் கூடும். மலைப்பாதை சொன்ன இரண்டு கேள்விகளோடு "எப்போது டாக்டரிடம் அனுப்புவீர்கள்?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "என்னிடம் வந்தால் மருந்தே வேண்டாம்" என்பவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

உங்கள் கம்பெனியின் ஹெச்ஆரிடமும் விசாரியுங்கள். பணியாளர் நலத் திட்டத்தில் இலவச கவுன்சலிங் பல இடங்களில் இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு. பயிற்சிக்கென்று ஆண்டு பட்ஜெட் இருந்தால் கோச்சிங் கட்டணத்தையே அதில் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கலாம்.

நொய்யல்வாசி

எல்லாருக்கும் நன்றி. வேப்பமரம் சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லை. நான்கு செஷன் மட்டும் என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்களா? அனுப்பிய ஒப்பந்தத்தில் 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது' என்று ஒரு வரி இருக்கிறது. அப்புறம், அந்த நான்கு செஷனை வைத்து உண்மையில் என்ன செய்வது?

வழக்குக்கட்டு

நான்கு செஷனுக்குச் சிலர் மாட்டேன் என்பார்கள். அப்படியானால் 12 செஷன் பேக்கேஜையே மூன்று தவணையாக, நான்கு நான்கு செஷனுக்கு முன்பணமாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். செஷனுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். கையில் இருக்கிற மிச்சப் பணம்தான் உங்களுக்குப் பிடிமானம்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: எத்தனை செஷன், எத்தனை நிமிடம், எந்தத் தேதிக்குள். நடத்தப்போவது பேசிய அதே கோச்தானா, அவருடைய உதவியாளரா (இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்). 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் செஷனை மாற்றிக்கொள்ளலாம், கோச் ரத்து செய்தால் அந்த செஷன் கணக்கில் சேராது. இடையில் நிறுத்தினால் நடக்காத செஷன்களின் பணம் இத்தனை நாளில் திரும்ப வரும். செஷனைப் பதிவு செய்தால் அந்த வீடியோ யாரிடம் இருக்கும், உங்கள் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போடக்கூடாது.

'எக்காரணம் கொண்டும்' என்ற வரி இருக்கிறது என்பதற்காக எல்லாம் முடிந்துபோகவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறைபாடான சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோச் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒன்று. "எனக்குப் பலன் தெரியவில்லை" என்பது வழக்கில் நிற்பது கஷ்டம். "12 சொல்லி 5தான் நடத்தினார்", "மூன்று மாதத்தில் 40% சம்பள உயர்வு உறுதி என்று எழுதியிருந்தார்" என்பவை நிற்கும். அதனால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் டிஸ்ப்யூட் எழுப்ப அதில் வழி இருக்கிறது, யுபிஐயில் அது அவ்வளவு எளிதல்ல.

மலைப்பாதை

நான்கு செஷனை வாரம் ஒன்றாக வைக்காதீர்கள், 15 நாளுக்கு ஒன்றாக வையுங்கள். ஆபீஸ் வேலையில் ஒரு வாரத்தில் எதுவும் நகராது, நகராதபோது செஷன் புலம்பலாகிவிடும். இதுதான் கோச்சிங் பணம் வீணாகிற முதல் காரணம். புலம்பி முடித்ததும் மனசு லேசாகும், லேசானதும் உருப்படியாக ஏதோ நடந்த மாதிரி இருக்கும்.

முதல் செஷனுக்கு முன் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: எந்தத் தேதிக்குள் முடிவு, முடிவாகிவிட்டது என்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம் என்ன, இதுவரை என்ன முயன்றீர்கள், இந்த முடிவில் வீட்டில் யாருக்குப் பங்கு உண்டு. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். வீட்டில் பேசாமல் கோச்சோடு எடுத்த முடிவு வீட்டு வாசலில் நின்றுவிடும்.

முதல் செஷனுக்கும் இரண்டாவதற்கும் இடையில் உங்கள் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த பதவி உயர்வுச் சுற்று எப்போது, எனக்குக் குறையாக இருப்பது எது? அதே 15 நாளில் வெளியே ஐந்து இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்புங்கள், நீங்கள் விரும்பும் பதவியில் இருக்கும் இரண்டு பேரிடம் அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். இரண்டாவது செஷன் இந்தப் பதில்களை வைத்து நடக்க வேண்டும். எதையும் செய்யாமல் போய் உட்கார்ந்தால், ஏன் செய்யவில்லை என்பதே அன்றைய பேச்சு. நல்ல கோச் அதைத் தாண்டவிட மாட்டார். வேறு தலைப்புக்கு, 'மைண்ட்செட்', 'சிறுவயதுப் பதிவுகள்' என்று போனால் இழுத்துப் பிடியுங்கள், காசு உங்களுடையது.

இன்னொரு யோசனை. பணம் கட்டுமுன் இதே வேலைகளை நண்பர் ஒருவரிடம் தேதி சொல்லி மூன்று வாரம் செய்து பாருங்கள். செய்துவிட்டால் கோச் தேவையில்லை. மறந்துபோனால் காலண்டர் போதும். எப்படிச் செய்வது என்று தெரியாமல் நின்றால் அந்தத் துறையில் மூத்தவர் ஒருவர் வேண்டும். தெரிந்தும், நேரம் இருந்தும், போனை எடுத்து மேனேஜரின் பெயர் வரை போய்த் திரும்ப வைத்தீர்கள் என்றால் அங்கேதான் கோச்சுக்கு வேலை இருக்கிறது.

பேரேடு

ஒரு பின்குறிப்பு, ஜிஎஸ்டி பற்றி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக்கூடாது. பில்லில் 15 இலக்க எண் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று வரும். தள்ளுபடி தருவதாக இருந்தால் அதை வரிக்கு முன் கழிக்கச் சொல்லுங்கள்: 62,000க்கு 11,160 சேர்த்து 73,160. மொத்தத்தில் கழித்தால் 74,960 ஆகும், 1,800 ரூபாய் வித்தியாசம். எண்ணே இல்லாமல் 12,960 கேட்டால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை, "பில் அனுப்புங்கள்" என்று மட்டும் பதில் போடுங்கள்.