ஐஸ்லாந்தின் ஊதா லூபின் பூக்களைக் கொண்டாடலாமா?

பாசிக்கரை:
ஜூன் மாதத்தில் ஐஸ்லாந்து செல்வோர் பலரும் எரிமலை மணல்வெளிகளை மூடி நிற்கும் ஊதா நிற லூபினைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். அது அந்த மண்ணின் செடியன்று. 1945-இல் வனத்துறைத் தலைவர் ஹாகோன் பியார்னாசன் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்தது. அந்நாட்டின் தேசிய மலரோ, தரையோடு படரும் சிறு செடியில் பெரும்பாலும் எட்டு வெள்ளை இதழ்களுடன் பூப்பது. அதன்மேல் இடுப்பளவு லூபின் வளர்ந்தால் வெயில் கிடைக்காமல் அது மடிந்துவிடும். பூ பார்க்கப் போகும் நாம் இதைக் கொண்டாடுவது முறையா?

எரிமலைப்பித்தன்:
லூபின் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பிர்ச் காடுகளை வெட்டினார்கள். எஞ்சியதை ஆடுகள் மேய்ந்தன. பிடிமானம் இழந்த எரிமலைச் சாம்பல் மண்ணைக் காற்று அள்ளிச் சென்றது. மீவாட்ன் ஏரிக்கு வடக்கே உள்ள ஹோலாசந்துர் போன்ற பாலைகள் அப்படி உருவானவையே. தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாத அந்த மணலில், வேர் முடிச்சுகளால் காற்றிலிருந்தே அதை ஈட்டிக்கொள்ளும் லூபின் உரமின்றி வளர்கிறது. பறவைகள் அரிதாக இருந்த வெறும் மணலில் இன்று உள்ளானும் நெட்டைக்காலியும் கூடு கட்டுகின்றன. பறவை ஆர்வலருக்கு இது இழப்பா?

பாசிக்கரை:
உள்ளான் வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் பொன்னிற உப்புக்கொத்திக்கும் சின்னக் கோட்டானுக்கும் (ஆந்தையன்று, நீண்ட வளைந்த அலகுள்ள கரைப்பறவை) தொலைவிலேயே எதிரியைக் காணும்படியான, குட்டையான செடிகள் உள்ள திறந்தவெளி வேண்டும். உலகின் சின்னக் கோட்டான்களில் கணிசமான பகுதி ஐஸ்லாந்தில்தான் இனப்பெருக்கம் செய்கிறது என்பதால் இது சிறிய விஷயமன்று. மேலும், லூபின் மணலோடு நிற்பதில்லை. அதன் விதைகள் ஆற்றுநீரில் அடித்துச் செல்லப்பட்டுப் புதிய இடங்களில் முளைக்கின்றன. பாதுகாக்கப்பட்ட பகுதியான ஸ்காப்தாஃபெல்லில் ஆடு மேய்ச்சலை நிறுத்திய பிறகு, இளஞ்செடிகளைத் தின்பார் இல்லாமல் அது தாராளமாகப் பரவியது. பாதுகாப்பே அதற்குச் சாதகமாகிவிட்டது, பாருங்கள்!

எரிமலைப்பித்தன்:
பல இடங்களில் 15 முதல் 30 ஆண்டுகளுக்குள் லூபின் தானாகவே தளர்ந்து, மண்ணை வளமாக்கிவிட்டு விலகுகிறது. அதுவரை பொறுத்திருப்பதில் என்ன தவறு?

பாசிக்கரை:
எல்லா இடங்களிலும் விலகுவதில்லை. விலகிய இடத்திலும் பழைய தரைப்பூக்கள் திரும்புவதில்லை. ஊறிய தழைச்சத்தை உண்டு புல் அடர்கிறது, அல்லது ரேக்யாவிக் அருகே எஸ்யா மலைச்சரிவில் நடந்ததுபோல் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு அயல்செடி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஹோலாசந்துரில் லூபினை விதைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஸ்காப்தாஃபெல்லில் அதை வெட்டுவதை நீங்கள் எதிர்க்கிறீர்களா என்பதைச் சொல்லுங்கள்.